பழைய பைக்கை பாபராக மாற்றுவது: முதல்முறை செய்பவருக்கு முழு வழிகாட்டி

பழைய பைக் ஒன்று கையில் கிடைத்ததும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது, பின்பக்கத்தை அறுத்துவிடலாம் என்பதுதான். கட்டிங் மெஷினைக் கொஞ்ச நாள் பெட்டியிலேயே வைத்திருங்கள். பின் மட்கார்டைக் குட்டையாக்கி, தேவையற்ற பாகங்களை இறக்கிய பைக்தான் பாபர். அதைச் செய்வது பெரும்பாலும் கழற்றுகிற வேலை. கழற்றும் ஒவ்வொரு பாகமும் அதுவரை ஒன்றுக்கு இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பின் மட்கார்டு சேற்றை மறித்தது, கூடவே டெயில் லைட்டையும் நம்பர் பிளேட்டையும் தாங்கியது, அதன் அடியில் ஒயர்களும் ஓடின. ஏர் ஃபில்டர் பெட்டி தூசியை வடிகட்டியது, கார்புரேட்டருக்கு ஆட்டம் இல்லாத காற்றும் கொடுத்தது. பாகம் போனாலும் அந்த வேலை அங்கேயே நிற்கும். அதை இனி எது செய்யப்போகிறது என்று உங்களால் சொல்ல முடிந்தால் தாராளமாகக் கழற்றுங்கள். கீழே வரும் எல்லா வேலைக்கும் இந்த ஒரு கேள்விதான் அளவுகோல்.

ஆங்கிலத்தில் 'பாப்' என்றால் குட்டையாக நறுக்குவது. 1930-களில் அமெரிக்காவில் வேகப் பிரியர்கள் தங்கள் வண்டியின் முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டைக் குட்டையாக்கி, தேவையற்ற இரும்பையெல்லாம் இறக்கி வைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் 1945-ல் முடிந்து வீடு திரும்பிய வீரர்களிடம் இந்தப் பழக்கம் பெரிதாகப் பரவியது. அப்போது இதை 'பாப்-ஜாப்' என்றார்கள். பின்னால் வந்த சாப்பரில் ஃபிரேமின் கழுத்தை அறுத்து முன் ஃபோர்க்கை நீட்டினார்கள். பாபரில் கழுத்தைத் தொடுவதில்லை. முதல்முறை செய்பவருக்கு பாபரையே நான் சொல்வதற்கு இதுதான் காரணம்: வண்டி நேராக ஓடுவதையும் வளைவில் திரும்புவதையும் தீர்மானிக்கிற கோணங்கள் கம்பெனி வைத்தபடியே இருக்கும்.

எந்த பைக்கை எடுப்பது

முதலில் ஆவணம். ஃபிரேம் நம்பரும் இன்ஜின் நம்பரும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதோடு, ஃபிரேமை மாற்ற அனுமதி உண்டா, மட்கார்டு எவ்வளவு மூட வேண்டும், இண்டிகேட்டர், கண்ணாடி, சத்தம் ஆகியவற்றுக்கு என்ன விதி என்று உங்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அறுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஃபிரேமை அறுக்காமல் போல்ட்டில் மாட்டும் பாகங்களை வைத்தே நல்ல பாபர் செய்யலாம். அறுக்கக் கூடாது என்று பதில் வந்தால் அந்த வழியில் போங்கள்.

அடுத்து அமைப்பு. காற்றால் குளிரும் இன்ஜின், கார்புரேட்டர், பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஷாக் அப்சார்பர், இரும்புக் குழாய் ஃபிரேம்: இந்த நான்கும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் பெரும்பாலும் பம்ப் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். டேங்கை மாற்ற நினைத்தால் பம்பையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும். நடுவில் ஒற்றை ஷாக் உள்ள வண்டியில் சீட்டின் கீழே இடமே இருக்காது.

இன்ஜினின் உடல்நிலையை கம்ப்ரஷன் கேஜ் சொல்லும். இன்ஜினைச் சூடாக்கி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கேஜைத் திருகி, ஆக்சிலரேட்டரை முழுக்கத் திறந்துவைத்து உதையுங்கள். முள் ஏறுவது நிற்கும்வரை உதைத்து, அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். குறைவாக இருந்தால் பிளக் ஓட்டை வழியே ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் கசிகிறது. இன்ஜின் வேலை இருந்தால் அதை முதலில் முடியுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த ஃபிரேமிலிருந்து இன்ஜினை மறுபடி இறக்குவது மனதை நோகடிக்கும் வேலை.

கழற்றுவதற்கு முன்

வாங்கிய வண்டியை அப்படியே சில நாள் ஓட்டுங்கள். எங்கே உதறுகிறது, எந்த கியர் நழுவுகிறது, பிரேக் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் பிரித்துவிட்டால், பின்னால் வரும் ஒவ்வொரு கோளாறும் நீங்கள் செய்ததா, முன்பே இருந்ததா என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

பிறகு போட்டோ. ஒவ்வொரு ஒயர் கனெக்டரையும், கேபிள் எந்த வழியாகப் போகிறது என்பதையும், வாஷர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் எடுத்து வையுங்கள். போல்ட்டுகளை எந்தப் பாகத்துடையவை என்று எழுதிய சின்னப் பைகளில் போடுங்கள். முடிந்த இடத்தில் போல்ட்டை அதன் ஓட்டையிலேயே திருகி வைப்பது இன்னும் நல்லது. ஜப்பானிய பழைய வண்டிகளில் இருக்கும் கூட்டல்குறி ஸ்க்ரூ சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்குப் பொருந்துவதுபோலத் தெரியும், ஆனால் முனை நழுவித் தலையை மழுக்கிவிடும். அதற்கென ஜே.ஐ.எஸ். எனும் ஜப்பானியத் தர அளவில் முனை தனியாக உண்டு, அதை வாங்குங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு முந்தைய நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள்.

காகிதத்தில் ஒரு பாபர்

கேமராவைச் சக்கர அச்சின் உயரத்தில் பிடித்து, ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று, வண்டியைப் பக்கவாட்டில் படம் எடுங்கள். மிக நெருங்கி நின்று எடுத்தால் அளவுகள் படத்தில் மாறித் தெரியும். அதைப் பெரிதாக அச்சிட்டு, மேலே மெல்லிய காகிதம் வைத்து வரையுங்கள். டேங்கின் அடிக்கோடு சீட் வழியாக இறங்கிப் பின் ஆக்சிலை நோக்கிப் போனால் பாபரின் தோற்றம் தானாக வந்துவிடும். அந்தக் கோட்டை எது முறிக்கிறதோ அதைத்தான் நீங்கள் மாற்ற வேண்டும். பல வண்டிகளில் அது டேங்கின் பின்பக்கம் உயர்ந்து நிற்பது மட்டுமே. டேங்கின் பின் பிடியைக் கொஞ்சம் மாற்றினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

டயர்

பாபருக்குத் தடித்த டயர் அழகு. பின்னால் 16 அங்குல ரிம் போடுவது பழைய வழக்கம். ஆனால் ரிம் சிறிதானால் சக்கரமே சிறிதாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். 110/90-18 என்றால் டயரின் அகலம் 110 மி.மீ., பக்கச்சுவர் அதில் 90 சதவீதம், ரிம் 18 அங்குலம். ஆக பக்கச்சுவர் 99 மி.மீ. அதை இரட்டித்து ரிம்மின் 457 மி.மீ. சேர்த்தால் மொத்த விட்டம் 655 மி.மீ. 130/90-16 டயருக்கு அதே கணக்கில் 640 மி.மீ. வருகிறது. வித்தியாசம் 15 மி.மீ.தான், வண்டி அதில் பாதி அளவு இறங்கும். உயரத்தைவிட அகலமே சிக்கல். புது டயர் ஒருபக்கம் செயினையும் மறுபக்கம் ஸ்விங் ஆர்மையும் (பின்சக்கரத்தைப் பிடித்து அதோடு ஏறி இறங்கும் கை) உரசாமல் இருக்க வேண்டும். பக்கத்துக்கு ஒரு விரல் இடைவெளி இல்லையென்றால் ஒரு அளவு குறைத்து வாங்குங்கள். ரிம்மின் அகலத்துக்கு எந்த டயர் பொருந்தும் என்று டயர் கம்பெனி அட்டவணை போட்டிருக்கும், அதை மீற வேண்டாம்.

மட்கார்டு

இங்கேதான் பொறுமை வேண்டும். பாபரைப் பார்த்ததும் கண்ணை இழுப்பது டயரை ஒட்டிப் படுத்திருக்கும் பின் மட்கார்டுதான். அதை ஃபிரேமில் மாட்டினால், சக்கரம் பள்ளத்தில் ஏறி இறங்குகிற தூரம் முழுவதற்கும் இடைவெளி விட வேண்டியிருக்கும். பார்க்க நன்றாக இராது. ஸ்விங் ஆர்மில் மாட்டினால் மட்கார்டும் சக்கரத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும், நெருக்கமாக வைக்கலாம்.

அளவு எடுக்க ஒரு சுலபமான வழி உண்டு. செயினை மாட்டி, ஆக்சிலை அட்ஜஸ்டரின் நடுவில் வையுங்கள். டயரில் முழுக் காற்று இருக்கட்டும். சுமார் 20 மி.மீ. தடிமன் உள்ள தண்ணீர்க் குழாயை டயரின் மேல் நீளவாக்கில் பதித்து டேப்பால் ஒட்டுங்கள். மட்கார்டை அதன்மேல் உட்காரவைத்து, பின்னால் போய் நின்று நடுக்கோடு பாருங்கள், பக்கவாட்டில் போய்ச் சரிவு பாருங்கள். பிடித்த இடத்தில் பட்டைகளைச் சின்னப் புள்ளி வெல்டிங்கால் நிறுத்திவிட்டுக் குழாயை உருவுங்கள். வெல்டிங் பொறி டயரில் விழாமல் ஈரத் துணி போட்டு மூட வேண்டும். குழாய் விட்டுப்போன அந்த இடைவெளிதான் ஓடும்போது டயர் விரிவதற்கும், ஒட்டி வரும் சின்னக் கல் வெளியேறுவதற்கும் உள்ள இடம்.

அடுத்து, சக்கரம் முழுக்க மேலே ஏறும்போது மட்கார்டு சீட்டையோ ஃபிரேமையோ முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஷாக்கின் இரு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள நீளத்தை அளந்து, அதிலிருந்து அது அமுங்கும் தூரத்தைக் கழியுங்கள். 320 மி.மீ. ஷாக் 80 மி.மீ. அமுங்கும் என்றால் 240 மி.மீ. இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்ட இரும்புப் பட்டையை ஷாக்குக்குப் பதிலாக மாட்டுங்கள். இப்போது வண்டி பெரிய பள்ளத்தில் விழுந்த நிலையில் நிற்கிறது. சீட்டின் ஸ்பிரிங்கும் முழுக்க அமுங்கினால் எங்கே வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டெயில் லைட் ஒயர் ஃபிரேமிலிருந்து ஸ்விங் ஆர்முக்குத் தாண்டும் இடத்தில் ஒரு வளைவு தளர்வாக இருக்கட்டும். என் முதல் வண்டியில் அந்த ஒயரை நறுவிசாக இழுத்துக் கட்டியிருந்தேன். சில வாரங்களில் உறை தேய்ந்து, இரவில் ஃபியூஸ் போய், விளக்கே இல்லாமல் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மட்கார்டைத் தாங்கும் பட்டைகள் 3 மி.மீ. இரும்பாக இருக்கட்டும். மெல்லிய அலுமினியம் அதிர்வில் விரிசல் விடும். போல்ட் வரும் இடத்தில் ரப்பர் புஷ் வையுங்கள்.

அறுப்பதும் ஒட்டுவதும்

சீட், டேங்க், மட்கார்டு, டெயில் லைட் எல்லாவற்றையும் கயிறும் கம்பியும் டேப்பும் கொண்டு கட்டிவைத்து, ஒரு வாரம் தினமும் பார்த்த பிறகுதான் அறுக்க வேண்டும். ஷாக்கின் மேல் பிடி இருக்கும் இடம் எல்லைக்கோடு. அதற்கு முன்னால் எதையும் அறுக்கக் கூடாது. வண்டியின் எடையும் உங்கள் எடையும் அங்கேதான் இறங்குகின்றன. இரு பக்கக் குழாய்களையும் இணைக்கும் குறுக்குக் குழாயை எடுத்தால் அதே இடத்திலோ அதை ஒட்டியோ புதிதாக ஒன்று வைத்தாக வேண்டும். அது இல்லாத ஃபிரேம் வளைவில் முறுக்கும்.

நேராக அறுக்க, ஒரு காகிதப் பட்டையைக் குழாயில் சுற்றி விளிம்பும் விளிம்பும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக வரும்படி ஒட்டுங்கள். அந்த விளிம்பு ஓரமாகக் கோடு போட்டு அறுங்கள். பின்னால் வைக்கும் வளைந்த குழாய், ஃபிரேம் குழாயின் முனையில் வெறுமனே முட்டி நிற்கக் கூடாது. இரண்டின் உள்ளேயும் இறுக்கமாக நுழையும் உள்குழாய்த் துண்டு ஒன்று இருக்க வேண்டும். ஃபிரேம் குழாயில் பக்கவாட்டில் ஓட்டை போட்டு அதன் வழியாகவும் உள்துண்டை வெல்டிங் செய்ய வேண்டும். இந்த முழு வெல்டிங்கை அனுபவமுள்ள வெல்டரிடம் கொடுங்கள். அளவு எடுப்பது, அறுப்பது, ராவுவது, பொருத்துவது எல்லாம் உங்கள் கையால் ஆகட்டும். உயிரைத் தாங்கும் இணைப்பு மட்டும் பழகிய கையால் ஆகட்டும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றி, தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சி.டி.ஐ. பெட்டியையும், சார்ஜ் வோல்ட்டேஜை அளவோடு வைக்கும் ரெகுலேட்டரையும் கனெக்டரிலிருந்து பிரித்துவிடுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். குரோம், துத்தநாகப் பூச்சு இருந்தால் தேய்த்து எடுங்கள், அந்தப் புகை நஞ்சு. இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் வாயு உண்டாகலாம், அது ஆளைக் கொல்லும். காலியான பெட்ரோல் டேங்கிலும் வெல்டிங் செய்யக் கூடாது. திரவம் இல்லாவிட்டாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். டேங்க் வேலையை அதையே தொழிலாகச் செய்பவரிடம் விடுங்கள்.

பின் ஷாக்கே இல்லாத ஹார்ட்டெயில் ஃபிரேம் வேண்டும் என்று ஆசை வரும். முதல் வண்டியில் வேண்டாம். 1984-ல் ஹார்லி டேவிட்சன் கம்பெனியே ஷாக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து சாஃப்ட்டெயில் என்று கொண்டுவந்தது, அந்தத் தோற்றத்தை விரும்பியவர்களின் முதுகுக்கும் ஒரு வழி வேண்டும் என்பதால்தான்.

உயரம்

குட்டை ஷாக் போட்டு இறக்குவதில் அளவு முக்கியம். வீல்பேஸ், அதாவது இரு சக்கர அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரம், 1,350 மி.மீ. உள்ள வண்டியில் பின்பக்கம் 30 மி.மீ. இறங்கினால் முன் ஃபோர்க் சுமார் 1.3 டிகிரி கூடுதலாகச் சாயும். நேர்ச்சாலையில் நிதானமாக இருக்கும், திருப்புவதற்கு மட்டும் கொஞ்சம் கை வலு கேட்கும். அதற்கு மேல் இறக்க வேண்டாம். இறக்கிய பிறகு சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். வண்டி தாழ்ந்ததால் ஸ்டாண்டில் நிமிர்ந்து நிற்கும், லேசாகத் தட்டினாலே மறுபக்கம் சாய்ந்துவிடும். ஸ்டாண்டையும் அதற்கேற்பக் குட்டையாக்க வேண்டும்.

ஹேண்டில்பார்

பாரை மாற்றினால் கேபிள் நீளமும் மாறும். சோதனை இதுதான்: நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, பாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் துளி ஏறினாலும் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். சாலையில் அது திருப்பத்தின் நடுவே தானாக வேகம் எடுக்கும். வேறு வழியில் கேபிளைக் கொண்டுபோங்கள் அல்லது நீளமான கேபிள் போடுங்கள். பார் டேங்கைத் தொடுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

ஒயரிங்

பயப்பட வேண்டியதில்லை. பழைய பைக்கின் ஒயரிங் ஆறு சின்னக் கதைகள்தான்: இன்ஜினுக்குத் தீப்பொறி, பேட்டரிக்குச் சார்ஜ், விளக்கு, பிரேக் லைட், ஹாரன், இண்டிகேட்டர். ஒவ்வொன்றையும் தனித்தாளில் கோடு போட்டு வரைந்தால் பழைய ஒயர்க்கட்டில் எது தேவை, எது வேண்டாம் என்று விளங்கிவிடும். பழைய கட்டை முழுசாக வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று கட்டுங்கள். வண்டி ஓடும்வரை பழையதை வெட்ட வேண்டாம்.

மெயின் ஃபியூஸ் பேட்டரியின் ப்ளஸ் முனைக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக இருக்கட்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள ஒயருக்குக் காவல் கிடையாது. பேட்டரியை சீட்டுக்கு அடியில் படுக்கவைக்க நினைத்தால் சீல் செய்த ஏ.ஜி.எம். பேட்டரி வாங்குங்கள். ஆசிட் ஊற்றும் சாதாரண பேட்டரி நிமிர்ந்துதான் நிற்க வேண்டும். ரெகுலேட்டரை அழகுக்காகப் பெட்டிக்குள் அடைக்காதீர்கள், அது சூட்டைக் காற்றில் விட்டுத்தான் பிழைக்கிறது. எல்.இ.டி. இண்டிகேட்டர் போட்டால் பழைய ஃபிளாஷர் ரிலே படபடவென்று அடிக்கும் அல்லது அடிக்கவே அடிக்காது, எல்.இ.டி.க்கான ரிலே வேண்டும்.

எல்லாம் மாட்டியபின் மல்டிமீட்டரை பேட்டரியில் வையுங்கள். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டும். இன்ஜினை நன்றாக முறுக்கினால் பெரும்பாலான வண்டிகளில் 13.5-லிருந்து 14.5-க்குள் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் சரியில்லை, அப்படியே ஓட்டினால் பேட்டரி வெந்துவிடும்.

கார்புரேட்டர், சைலன்சர், டேங்க்

ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு கூம்பு ஃபில்டர் மாட்டினால் காற்று கூடும், பெட்ரோல் அதே அளவில் வரும். கலவை மெலிந்து இன்ஜின் சூடேறும். ஸ்பார்க் பிளக் முனை வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் அதிகம், வெளிறிய பழுப்பு சரியானது. பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றி ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்த அளவுக்குப் போங்கள். உங்கள் கார்புரேட்டர் வேக்குவமில் ஏறி இறங்கும் சி.வி. வகையாக இருந்தால் பெட்டியை விட்டுவைப்பதே நல்லது என்பது என் எண்ணம். பல நாள் ஜெட் மாற்றியும் நடு வேகத்தில் திக்குகிற வண்டிகள் உண்டு.

சைலன்சரைக் குட்டையாக்கலாம், ஆனால் உள்ளே தடுப்பு இருக்கட்டும். குழாயில் சுற்றும் வெப்பத் துணி ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் துருவாக்கும், நான் சுற்றுவதில்லை.

சின்ன டேங்க் மாட்டினால் பெட்ரோல் குழாய் வாய் டேங்கின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பாதிப் பெட்ரோல் உள்ளேயே தங்கும். மூடியில் காற்று ஓட்டை அடைத்திருந்தால் சில கிலோமீட்டரில் வண்டி நின்றுவிடும். உள்துருவுக்கு சிட்ரிக் ஆசிட் கரைசலை ஒரு நாள் ஊறவிட்டு, சமையல் சோடா கலந்த தண்ணீரால் அலசி, உடனே காயவைத்து, லேசாக எண்ணெய் பூசுங்கள். காயாமல் விட்டால் மறுநாளே மறுபடி துரு படரும்.

பிரேக்கில் சிக்கனமே கூடாது. புது ஹோஸ், புது பேட் அல்லது ஷூ, புது ஃபுளூயிட். டாட் 4 ஃபுளூயிட் காற்றின் ஈரத்தைக் குடிக்கும், அதனால் திறந்து கிடந்த பழைய டப்பாவிலிருந்து ஊற்ற வேண்டாம். அது பெயின்ட்டையும் அரிக்கும், டேங்கை மூடிவிட்டு ஊற்றுங்கள்.

பெயின்ட்டுக்கு முன் ஓட்டுங்கள்

எல்லாம் மாட்டி முடிந்ததும் பெயின்ட் கடைக்கு ஓடத் தோன்றும். வேண்டாம். வெறும் இரும்பாகவே 200, 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். எந்தப் பட்டை விரிசல் விடுகிறது, எந்த ஒயர் உரசுகிறது, ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு என்ன சொல்கிறது என்பதெல்லாம் இப்போதுதான் தெரியும். குறை இருந்தால் இப்போது ஒட்டலாம், ராவலாம், இடம் மாற்றலாம்.

பிறகு முழுக்கப் பிரித்து பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புங்கள். பவுடர் தடியாகப் படியும். மரைகள், பேரிங் உட்காரும் இடம், இன்ஜின் பிடி, எர்த் ஒயர் தொடும் இடம், ஃபிரேம் நம்பர் ஆகியவற்றை மறைக்கச் சொல்லுங்கள். எர்த் தொடும் இடம் மூடிப்போய், ஸ்டார்ட் ஆகாமல் பல நாள் தேடியவர்கள் நிறையப் பேர். டேங்குக்கு ஹார்டனர் கலந்த இரண்டு பாக மேல்பூச்சு வேண்டும், பெட்ரோல் சிந்தினாலும் தாங்கும். அதில் ஐசோசயனேட் இருப்பதால் சாதாரண முகமூடி போதாது, தனியாகக் காற்று வரும் முகமூடி உள்ள இடத்தில் கொடுங்கள்.

மறுபடி மாட்டும்போது ஆக்சில், ஸ்விங் ஆர்ம், ஹேண்டில் கிளாம்ப், பிரேக் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் புத்தக அளவுக்கு முறுக்குங்கள். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். முதல் நாள் பத்து கிலோமீட்டர் போய்விட்டு வந்து கோடுகளைப் பாருங்கள், விலகியிருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. ஐம்பது கிலோமீட்டரில் செயின் தளர்வும், இருநூறில் ஸ்போக்கும் ஸ்டீயரிங் பேரிங்கும் பாருங்கள். ஸ்போக்கை ஸ்பேனரால் தட்டினால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சுதியில் ஒலிக்க வேண்டும், மந்தமாகக் கேட்பது தளர்ந்தது. மட்கார்டு பட்டைகளை மட்டும் ஒவ்வொரு முறை கழுவும்போதும் விரலால் தடவிப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றிப் பழுப்புத் தூள் ஒட்டினால் அங்கே இரும்பும் இரும்பும் உரசுகின்றன. ரப்பர் புஷ்ஷை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.